மேல் பல்

சாலிக்குட்டை என்று ஒரு ஊர், தர்மபுரிப் பக்கம், மலைக்கு இந்தப்புறம். மழை பெய்தாலும் வைவார்கள், பெய்யாவிட்டாலும் வைவார்கள். அடுத்த வீட்டில் பிள்ளை பிறந்தால் இன்னொன்று எதற்கு என்பார்கள், கிழவன் செத்தால் இத்தனை நாள் எதற்கு இருந்தான் என்பார்கள். திருவிழாவில்கூடச் சாமியைப் பார்த்துக் கும்பிடுவதைவிடப் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து முறைப்பதுதான் அதிகம். அந்த மண்ணில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஒன்றுதான் ஒழுங்காக விளையும், அதுவும் வெட்டிப்போட்ட குச்சியைத் துண்டு துண்டாக்கி ஊன்றினால் மறுபடி முளைத்து, மறுபடி கிழங்கு விட்டு, மறுபடி வெட்டுப்படுகிற ரோஷங்கெட்ட பயிர் என்பதால். அப்படிப்பட்ட ஊரில், ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்த சின்னப்பாப்பாவுக்கு, ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் முன்பல் ஒன்று கழன்று மடியில் விழுந்தது.

பல் விழுவது ஒன்றும் பெரிய சேதி இல்லை. வெற்றிலை போட்டுப் போட்டு நாற்பதிலேயே பொக்கை வாயான பெண்கள் அந்த ஆலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் சின்னப்பாப்பாவின் பல் வலிக்கவில்லை, ரத்தம் வரவில்லை, அதற்கு வேரும் இல்லை; அடியில் குழிந்து, அரிசி மாதிரி வெள்ளையாக, ஆறு வயதுப் பிள்ளைக்கு விழுகிற மாதிரி விழுந்தது. அவள் அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தாள், சின்ன வயதில் எறிந்த மாதிரியே. கூரை இப்போது ஓடு இல்லை, தகரம், டங்கென்றது. ஆடி பிறப்பதற்குள் ஒவ்வொன்றாக எல்லாப் பல்லும் விழுந்து, தகரமும் டங் டங்கென்று அடித்துக்கொண்டே இருக்க, உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் பச்சியப்பன், "பொழுதானா கல்லு உட்டு எறியறாங்க, எவன்டா அவன்" என்று தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

சின்னப்பாப்பா என்ற பெயரில் அந்தப் பக்கத்தில் ஊருக்கு நாலு கிழவிகள் உண்டு. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு அப்படி வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளையும் அந்தப் பெயரோடே வளர்ந்து, நரைத்து, செத்தும் போவாள். பச்சியப்பன் இவளுக்குப் புருஷன் மட்டுமில்லை, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அக்கா மகளைக் கட்டுவது அங்கே வழக்கம்தான். தாய்மாமனும் மாமாதான், புருஷனும் மாமாதான், கூப்பிடுகிற வாய்க்கு வித்தியாசம் தெரியாது. பச்சியப்பனுக்கு அதற்கும் மேலே ஓர் அத்தாட்சி இருந்தது. சின்னப்பாப்பாவுக்கு ஒரு வயதில் காது குத்தியபோது பதினெட்டு வயதுப் பச்சியப்பன் மடியில்தான் உட்கார வைத்தார்கள், ஊசி இறங்கியதும் பிள்ளை, அதுவரை ஒரு சொல்லும் பேசாத பிள்ளை, வாயைத் திறந்து "மா... மா..." என்றது. ஆஹா, மாமாவைக் கூப்பிட்டுவிட்டது, பேசின முதல் வார்த்தையே மாமா, இவள் அவனுக்குத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் பேசிய எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. பத்தாவது பரீட்சைக்கு முந்தின மாதம், படிக்க வேண்டும், கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதபோதுகூட, "நீதானேடி உன் வாயால கூப்புட்ட" என்றாள் அம்மா. சாகும்வரை அதையேதான் சொன்னாள். பச்சியப்பன் வீட்டில் 'தண்ணி கொண்டா' என்பதுபோல 'நீ வாய மூடு' என்பதும் ஒரு சாதாரண வாக்கியம். அவள் பேச ஆரம்பித்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவான். பாவம் என்று சொல்லத்தான் தோன்றும். ஆனால் பாவம் பார்க்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது.

பல்லெல்லாம் விழுந்து முடிந்ததும் உச்சந்தலை இளகியது. ஆலையில் பக்கத்தில் உட்கார்ந்து தோல் சீவுகிறவள் கெங்கம்மா. பக்கத்து வீட்டுக்காரியும் அவள்தான், வாயைத் திறந்தால் ஊரில் நாய்கூடக் குரைக்காது. அவள் ஒருநாள் சின்னப்பாப்பாவின் தலையில் எண்ணெய் வைத்தாள். விரல் நடுமண்டையில் அமுங்கியது. பிறந்த பிள்ளைக்கு இருக்கிற உச்சிக்குழி, உள்ளே உயிர் துடிப்பது மேலே தெரிந்தது. கெங்கம்மா கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, "மறுபடியும் ஆரம்பிக்குதுடி உனக்கு" என்றாள்.

ஆவணியில் பேச்சு போயிற்று. கடைசியாக வந்தது முதலில் போகிற கணக்கில், ஆலையில் கற்ற வார்த்தைகள் முதலில் போயின, பிறகு கல்யாண வீட்டு வார்த்தைகள், பிறகு பள்ளிக்கூடத்து வார்த்தைகள், பிறகு வசவுகள். எல்லாம் போன பிறகும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்த மாமா என்கிற வார்த்தையும் ஒருநாள் காலையில் எழுந்தபோது இல்லை. கால்களும் துவண்டன. நின்றால் விழுந்தாள், விழுந்தால் எழத் தெரியவில்லை, கடைசியில் தவழ்ந்தாள். உருவம் என்னவோ அதே ஐம்பத்திரண்டு வயது உருவம்தான், நரைத்த தலை, வெடித்த பாதம்; புத்தியும் அப்படியே இருந்தது, யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது ஒன்றுவிடாமல் நினைவில் இருந்தது. நாக்கும் காலும் மட்டும்தான் பச்சைப்பிள்ளையாகிவிட்டன.

ஏன் இப்படி என்று சாலிக்குட்டையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. யார் செய்வது என்றுதான் கேட்டார்கள். வெட்டின குச்சியே முளைக்கிறபோது பொம்பளை முளைக்க மாட்டாளா என்று ஆலை மேஸ்திரி சொன்னதோடு காரணம் முடிந்தது. பச்சியப்பன் கேட்ட முதல் கேள்வி, "அப்ப சோறு யாரு ஆக்கறது?" ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், டாக்டர் தலையைத் தொட்டுப் பார்த்து, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து, தடுப்பூசி போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தார். அங்கன்வாடி டீச்சர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சத்துமாவுப் பொட்டலம் கொடுத்தார். ஓசூரில் இருந்த மகன் சென்றாயனிடம் போனில் சொன்னபோது அவன், "இங்க கொண்டாந்து உட்றாதீங்க, இருக்கற ஒரு கொழந்தைய வச்சிக்கிட்டே நாங்க படற பாடு போதும்" என்றான்.

சின்னப்பாப்பா முதல்முதலாக நிலைப்படியைத் தவழ்ந்து தாண்டிய அன்று, தெருப்பெண்கள் வழக்கத்தை விடக் கூடாதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே கொழுக்கட்டை அவித்தார்கள். அன்றைக்குத்தான் கெங்கம்மா கவனித்தாள். "ஏன்டி, தவழற புள்ள கழுத்துல தாலி கெடக்குது, தெய்வக்குத்தம் ஆவாதா?" பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆகும்தான் என்றார்கள். கெங்கம்மா குனிந்து கயிற்றைக் கழற்றி, மாரியம்மன் படம் மாட்டியிருந்த ஆணியில் மாட்டினாள். பச்சியப்பன் குதித்தான். நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி குதித்தான். என் பொண்டாட்டி தாலியைக் கழற்ற நீ யாருடி என்றான். "பொண்டாட்டியா? இந்தா தவழுதே, இதா? வெளிய சொல்லாத, போலீஸ்ல புடிச்சிக்கினு போயிருவான்" என்றாள் கெங்கம்மா.

பஞ்சாயத்து கூடியது. ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி வேட்டியைத் தட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் திட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"இவ இப்ப யாருக்குப் பாத்தியம்ங்கறதுதான கேள்வி. பச்சியப்பா, நீ என்ன சொல்ற?"

"முறை என்னுதுங்க. வளந்து ஆளாவட்டும், மறுபடியும் கட்டிக்கறேன். அக்கா மவதான, எங்க போவா?"

"போன தடவ எப்பிடி முடிவாச்சு?"

"காது குத்தறப்ப என் மடியில உக்காந்து மாமான்னு கூப்புட்டாளுங்க. ஊரே கேட்டுச்சே."

"அப்ப இந்தத் தடவையும் அதான். காது குத்துல அவ வாயத் தொறந்து மாமான்னு சொன்னா உன் வூட்டுக்கு. வேற எதாச்சும் சொன்னா அவ அம்மா வூடு ஏரிக்கரையில பூட்டித்தான கெடக்குது, அங்க இருந்து வளரட்டும். உனக்கும் அவளுக்கும் ஒண்ணும் இல்ல."

பச்சியப்பன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். வாய் திறந்தால் பிள்ளை மாமா என்றுதான் சொல்லும் என்பதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மூலையில் கெங்கம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்னப்பாப்பாவுக்கு எல்லாம் புரிந்தது. மறுபடி அந்தச் சொல் வந்துவிட்டால் மறுபடி அதே வீடு, அதே அடுப்பு, அதே டிவிச் சத்தம், அதே 'வாய மூடு'. உடம்பு இந்தத் தடவை எத்தனை வருஷத்தைப் புதிதாக வாங்கி வந்திருக்கிறதோ அத்தனைக்கும் அதுதான். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, ஆனால் கோபத்தைச் சொல்ல வாயில் ஒன்றுமில்லை.

ஐப்பசியில் பல் முளைத்தது. இரண்டு பல், ரம்பம் மாதிரி சின்னச் சின்ன நுனியோடு, வெள்ளை வெளேரென்று. இரண்டும் மேல் பல். கீழே வெறும் ஈறு. ஊர் ஒரு நிமிஷம் திட்டுவதை நிறுத்தியது. மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அப்படி முளைத்த பிள்ளையின் மாமன்மார்கள் கிணற்றில் விழுந்தது, பஸ்ஸில் அடிபட்டது, காரணமே இல்லாமல் இளைத்துப் போனது என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். பச்சியப்பனைத் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்பிடி இருக்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எழுபது வருஷத்தில் அந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. அந்த வாரமே அவன் மொபெட்டிலிருந்து விழுந்தான், அதற்கடுத்த வாரம் காய்ச்சல் வந்தது, பிறகு ஒன்றும் வராமலே பயம் வந்தது.

பரிகாரம் இருக்கிறது. ஆகாத பிள்ளையின் முகத்தை மாமன் நேராகப் பார்க்கக் கூடாது, தட்டில் எண்ணெய் ஊற்றி அதில் தெரிகிற முகத்தைப் பார்க்க வேண்டும். மாரியம்மன் கோயிலில் பித்தளைத் தாம்பாளத்தில் நல்லெண்ணெய் ஊற்றி நடுவில் வைத்தார்கள். பச்சியப்பன் இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். சின்னப்பாப்பாவை அந்தப் பக்கம் தூக்கி உட்கார வைத்தார்கள். திற என்றதும் அவன் கண்ணைத் திறந்து குனிந்தான். இத்தனை வருஷம் அவள் வைத்த சோற்றைப் பார்த்திருக்கிறான், குழம்பில் உப்பைப் பார்த்திருக்கிறான், முகத்தைப் பார்க்க அவனுக்குத் தோன்றியதில்லை. எண்ணெயில் கறுத்துத் தெரிந்த அந்த முகம் வாயைத் திறந்தது. இரண்டு பல் தெரிந்தது. பச்சியப்பன் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு எழுந்து நின்றான், வேட்டியெல்லாம் எண்ணெய். அந்தப் பக்கமிருந்து எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னப்பாப்பாவும் ஒன்றைப் பார்த்தாள், மாமா பயப்படும்போது எப்படி இருப்பார் என்பதை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பயந்தவன் சும்மா இருப்பானா? மாமா என்று ஒருமுறை சொல்லிவிட்டால் தோஷமும் போகும், முறையும் நிற்கும் என்று யாரோ சொல்லிக் கொடுக்க, அன்றிலிருந்து பச்சியப்பன் வெந்த கிழங்குத் துண்டு போட்ட தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார ஆரம்பித்தான். "சொல்லு. மா... மா. சொன்னா தரேன்." அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "மா. மா." கிழங்கை மூக்குக்கு நேரே காட்டினான். "நடிக்கற கழுத. மா, மா!" தொடையில் கிள்ளினான். அதே தொடை, அதே இடம். முதல் தடவை வளர்ந்தபோதும் கொஞ்சுகிற சாக்கில் அங்கேதான் கிள்ளுவான். அவள் அழக்கூட வாய் திறக்கவில்லை. கண்ணில் நீர் வழிய, வாயை மூடிக்கொண்டே அழுதாள், அப்படி அழ அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

வாய் திறக்காததற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமில்லை. மத்தியானங்களில் கெங்கம்மா அவளை இடுப்பில் ஏற்ற முடியாமல் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் கிழங்குக் காட்டுக்குக் கொண்டுபோய், செடிகளுக்கு நடுவில் இறக்கிவிட்டு, தான் களை வெட்டப் போய்விடுவாள். ஆளுயரச் செடிகளுக்குள் யாரும் இல்லாத இடத்தில் சின்னப்பாப்பா வாயைத் திறந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். "மா" என்று வந்தது. விடு என்று நினைத்தாள். "மா." கெங்கம்மா என்று கூப்பிட நினைத்தாள், அதற்கும் "மா." அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தால் வருகிற சத்தம் அது ஒன்றுதான். நாக்கு ஒரு துண்டு மாமிசமாகக் கீழே கிடந்தது, அதற்கு மேலே ஏறத் தெரியவில்லை. என்ன நினைத்து வாய் திறந்தாலும் வெளியே வருவது அந்த மனிதனின் பெயராக இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் முதலில் வருவது அதுதான், பிள்ளை பசி என்று நினைத்தாலும் வலி என்று நினைத்தாலும் அதுதான் வரும் என்று அந்தக் காட்டில்தான் அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கு, அந்த ஒரு வயதில், அந்த ஊசி இறங்கியபோது நான் என்ன நினைத்து வாயைத் திறந்தேன்? அது மட்டும் நினைவில் இல்லை.

கார்த்திகையில் நடந்தாள், சுவரைப் பிடித்து. கீழ்ப் பல் இரண்டு வந்தது. "பா" வந்தது, பிறகு "போ" வந்தது. போ என்று சொன்னால் போதாதா என்று ஒருநாள் முழுக்க யோசித்தாள். போதாது. பிள்ளை போ என்றால் ஊர் சிரிக்கும், மாமனைப் போகச் சொல்லுது பாரு வாயாடி என்று கன்னத்தைக் கிள்ளும், கிள்ளிவிட்டு மடியிலேயே வைத்திருக்கும். சிரிக்க முடியாத சொல் வேண்டும். காட்டில் உட்கார்ந்து, நாக்கின் நுனியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். விழுந்தது. தூக்கினாள், விழுந்தது. தூக்கி மேல் பல்லின் பின்னால் முட்டுக்கொடுத்து, அதைப் படியாக வைத்து, மெல்ல அண்ணத்துக்கு மடக்கினாள். எச்சில் ஒழுகியது. தை மாதம் காது குத்து என்று நாள் குறித்துவிட்டார்கள். நாக்கு ஏறுவதற்கும் நாள் நெருங்குவதற்கும் போட்டியாக இருந்தது.

அன்றைக்கு ஊரே வந்திருந்தது. வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறதே என்று வைதுகொண்டே வந்திருந்தது. கோயில் வேப்பமரத்தடியில் பாய். பம்பைக்காரர்கள் ஒரு ஓரம். ஓட்டை தூர்ந்துபோன காதுகளைத் தடவிப் பார்த்துவிட்டு ஆசாரி கம்பியைச் சீவினார். பச்சியப்பன் பட்டு வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாலு பெண்கள் சின்னப்பாப்பாவைப் பிடித்து அவன் மடியில் இறக்கினார்கள், ஐம்பத்திரண்டு வருஷத்துக் கனமும் சேர்த்து. எலும்பு நெறிபட அவன் முனகினான், ஊர் கெக்கலித்தது. அவள் உடம்பை இன்னும் தளர்த்திவிட்டு முழுக் கனத்தையும் வைத்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு மட்டும் சொல்லலேன்னா வூட்டுக்குப் போயி இருக்குது உனக்கு" என்று அவள் காதுக்குள் சொன்னான் பச்சியப்பன்.

வலது காதில் கம்பி இறங்கியது. அவள் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. இடது காதில் இறங்கியது. தொடையில் நகம் அழுந்தியது. அவள் தலையைத் தூக்கி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிரித்தாள்.

"மா..."

அவ்வளவுதான். பம்பை முழங்கியது. பெண்கள் கைதட்டினார்கள், யாரோ சர்க்கரையை அள்ளி வீசினார்கள், தீர்த்தகிரி கையை உயர்த்தி முடிந்தது என்றார், கெங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். பச்சியப்பன் எண்ணெய் வழிகிற முகத்தோடு, "கேட்டீங்களா, கேட்டீங்களா!" என்று எல்லாரிடமும் கேட்டான். சின்னப்பாப்பா இன்னும் முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. அந்த 'மா'வை விடாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, நாக்கை மேல் பல்லின் பின்னால் வைத்து, ஏற்றி, மடக்கி, அண்ணத்தில் அறைந்தாள்.

"...ட்டேன்."

பம்பைக்காரன் ஒருவன் நிறுத்தினான், மற்றவன் இரண்டு அடி தனியாக அடித்துவிட்டு நிறுத்தினான்.

"என்னாங்குது?" என்றார் தீர்த்தகிரி.

"மாட்டக் கேக்குதுங்க" என்றான் ஒருவன். "தாய்மாமன் சீரா மாடு குடுக்கணுமாம்."

"ஆமா, மாடுதான்" என்றான் பச்சியப்பன் அவசரமாக. "குடுத்தர்றேன். மாமா மாடு குடுன்னு சொல்லுது."

"மாட்டேன்" என்றாள் சின்னப்பாப்பா. இந்தத் தடவை நீட்டவில்லை, தடுக்கவில்லை, கடைசி எழுத்துவரை சுத்தமாக வந்தது. கோயில் புறாக்கள் எழுந்து பறந்தன, சத்தம் அப்படி.

கெங்கம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "மாட்டேங்கறாடா! காதுல என்ன ஈயத்தையா ஊத்தி வச்சிருக்கீங்க? மாட்டேங்கறா! அன்னிக்கும் இதைத்தான்டா சொல்ல வந்திருப்பா. பல்லு இல்ல, நாக்கு எட்டல, பாதியில நின்னு போச்சு. பாதி வார்த்தையப் புடிச்சிக்கிட்டு ஒருத்தி ஆயுசையே முடிச்சிட்டீங்களே, பாவிங்களா."

தீர்த்தகிரி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேற வார்த்தைதான். அம்மா வூட்டுச் சாவிய எடுத்தாங்கடா" என்றார். சொன்ன சொல்லை மாற்ற அவருக்கும் ஆசைதான், ஆனால் ஊரே கேட்டிருக்கிறதே.

"எந்திரிடி" என்றான் பச்சியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன்."

"காலு மரத்துப்போச்சு, எந்திரி."

"மாட்டேன்."

புதிதாகப் பேச வந்த பிள்ளைக்கு ஒரு சொல் கிடைத்தால் அதையேதான் நாளெல்லாம் சொல்லும். அவளிடமும் அந்த ஒன்றுதான் இருந்தது. சர்க்கரை தின்கிறாயா என்றார்கள், மாட்டேன். தண்ணீர்? மாட்டேன். மாமன் பாவம்டி. மாட்டேன். சிரிப்பும் அழுகையுமாக, ஐம்பத்திரண்டு வருஷத்தில் சொல்லாமல் விட்ட இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு, வேப்ப நிழல் பாயை விட்டு நகர்ந்து போகும்வரை அவள் அந்த மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு யாரும் சொல்லாதபோது எழுந்தாள். கெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனாள். பச்சியப்பனால் எழ முடியவில்லை, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மேல் பல் மாமனுக்கு ஆகாது என்று சொன்னவர்கள் சொன்னது பலித்துவிட்டது. அவன் சாகவில்லை, அதைவிட மோசம், சோறு ஆக்கக் கற்றுக்கொண்டான். ஆணியில் மாட்டிய தாலி மாரியம்மன் படத்தோடு புகையேறிக் கறுத்துக்கொண்டிருக்கிறது. சின்னப்பாப்பா அம்மா வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு பல்லும் உண்டு, வசவுகளும் திரும்பி வந்துவிட்டன, பள்ளிக்கூடத்து வார்த்தைகளும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன.

ஊரில் எங்கே காது குத்து என்றாலும் அழைக்காமலே போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். மாமன் மடியில் பொக்கை வாய்ப் பிள்ளை ஊசி வலியில் "மா... மா..." என்று அலறும். மாமன்காரன் இளித்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பான். "பல்ல மூடுடா" என்பாள் சின்னப்பாப்பா. "அதுக்கு இன்னும் மொளைக்கல. மொளைச்சு முழுசாச் சொல்லட்டும்." அவளை வைதுகொண்டே ஊர் பொறுத்திருக்கும்.